வெறும் பாய்க்கு ஊற்றிய லிவாய்

நவுசோரி ஆற்றங்கரைக் குடியிருப்பில் லிவாயைத் தெரியாதவர்கள் கிடையாது. நோய் வருவதற்கு முன்னால் அவர் பஸ் டிரைவர் லிவாய். நோய் போனபோது சூனியக்காரர் லிவாய். சூனியத்தில் அவருக்கு இருந்த தேர்ச்சி, கோழிக்கு நீச்சலில் இருக்கிற தேர்ச்சிதான். ஆனால் ஊர் ஒருத்தருக்குப் பட்டம் கொடுக்கும்போது பரீட்சை வைத்தா கொடுக்கிறது?

ஆள் நல்ல பருமன். பஸ்ஸில் வயிறு முதலில் ஏறி இடம் பிடிக்கும், லிவாய் பின்னால் போய் உட்காருவார். ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லாத பஸ், மழை வந்தால் தார்ப்பாயை இறக்கிவிட வேண்டும். சுவாவுக்கும் நவுசோரிக்கும் நடுவே அதை ஓட்டி ஓட்டி, எந்தத் திருப்பத்தில் எந்தக் கிழவி தூங்கி விழுவாள் என்பதுவரை அவருக்கு மனப்பாடம். வாய் ஓயாது. ஏறுகிறவனை ஒரு கிண்டல், இறங்குகிறவனை ஒரு கிண்டல். சில்லறை பாக்கியை மறந்தாலும் கிண்டல் பாக்கியை மறக்க மாட்டார்.

சாயங்காலம் அவர் வீட்டு ஈரப்பலா மரத்தடியில் பாய் விரியும். நடுவில் நாலுகால் மரத்தொட்டி. யங்கோனா வேரின் பொடியைத் துணியில் முடிந்து தண்ணீரில் போட்டு லிவாய் பிசைவார். நிறத்தில் மழைக்காலத்து ஆறு மாதிரியே இருக்கும், ருசியும் ஏறக்குறைய அதே. ஒரே கொட்டாங்குச்சிதான் எல்லோருக்கும். பெயர் சொல்லி நீட்டுவார். பெயருக்குரியவன் ஒரு தடவை கை தட்டி வாங்கி, ஒரே மடக்கில் குடித்துத் திருப்பிக் கொடுப்பான். "காலி" என்று எல்லோரும் குரல் கொடுத்து மறுபடி தட்டுவார்கள். அடுத்த பெயர். நாக்கு மரத்துப்போன பிறகுதான் பேச்சே சூடுபிடிக்கும். சர்ச் மூப்பர் எபராமாவுக்கு முதல் கொட்டாங்குச்சி, அப்புறம் வயசு வாரியாக மற்றவர்கள். கிடங்கு வாட்ச்மேன் வைசேயா, லிவாயின் மனைவி லோசானாவுக்குத் தம்பி. அதாவது மச்சான். மச்சானை மட்டம் தட்டாமல் விட்டால் அந்த ஊரில் அது மரியாதைக் குறைவு.

நோய் வந்தது. ஒலிபெருக்கி வண்டி சந்து சந்தாகப் போய், கூடி உட்காராதே, ஒரே கொட்டாங்குச்சியில் குடிக்காதே, பொழுது சாய்ந்தால் வெளியே வராதே என்று சொல்லிக்கொண்டே போனது. பஸ்களைக் கொண்டுபோய்ப் பணிமனையில் நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய வருஷமே லோசானா மகளின் பிரசவத்துக்கு ஆக்லாந்து போயிருந்தாள். போனவள் திரும்புவதற்குள் விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். குழந்தை பிறந்து, தவழ்ந்து, நடந்து, போனில் தாத்தாவைப் பார்த்து அழவும் கற்றுக்கொண்டுவிட்டது. லோசானா இன்னும் அங்கேயேதான்.

வீட்டில் லிவாயும் நாயும். டிக்கெட் பரிசோதகர் மாதிரி எல்லோரையும் சந்தேகமாகப் பார்ப்பதால் நாய்க்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர்.

வாயாடிகளுக்குத் தனிமை வந்தால் அது மற்றவர்களுக்கு வருவது போல வருவதில்லை. லிவாய் முதலில் கெட்டிலோடு பேசிப் பார்த்தார். பிறகு வீடு கூட்டும்போது பஸ் நிறுத்தங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே கூட்டினார். அடுப்படியில் இருந்து கட்டிலுக்குப் போக எத்தனை நிறுத்தம் வைக்க முடியுமோ அத்தனையும் வைத்தார். இன்ஸ்பெக்டர் எந்த நிறுத்தத்திலும் இறங்கவில்லை. எல்லா வீட்டிலும் ஆள் இருந்தது, ஆனால் சந்தே செத்த மாதிரி கிடந்தது. சாயங்காலம்தான் மோசம். அந்த நேரத்துக்குக் கை தானாகப் பிசைவதுபோல அசையும். அதைப் பார்த்து அவருக்கே பயமாக இருந்தது.

யங்கோனா பொடி டப்பாவில் இருந்தது. ஆனால் தனியாகக் குடிக்க முடியாது. அந்த ஊரில் தனியாக யங்கோனா குடிக்கிறவன் சூனியம் வைக்கிறவன், அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டு, பேய்க்கு ஊற்றி, தீர்த்துக்கட்ட வேண்டிய ஆளின் பெயரைச் சொல்வான் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். லிவாய்க்கும் தெரியும். இந்த விஷயத்தை அவர் மூன்று நாள் யோசித்தார். பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கக்கூட அவ்வளவு யோசித்ததில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். தனியாகக் குடித்தால்தானே தப்பு? எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டால்?

அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரம் வீட்டுக்குள் பாயை விரித்தார். போலீஸ் வண்டி பார்த்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்தினார். தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, ஆளில்லாத பாயைப் பார்த்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"எபராமா."

எபராமாவுக்காகத் தானே ஒரு தட்டு தட்டி, அவர் பங்கைத் தானே குடித்து, "காலி" என்றார். எபராமா மாதிரியே இருமியும் காட்டினார். நன்றாக வந்தது. அடுத்தவருக்கும் அப்படியே ஒரு கொட்டாங்குச்சி. மூன்றாவது பெயர்.

"வைசேயா."

வைசேயாவின் கீச்சுக் குரல் அவருக்கு எப்போதுமே கைவந்த கலை. "என்ன மச்சான் இது, துணியை அலசின தண்ணியா? எங்கக்கா ஊருக்குப் போனதும் துணியை நீயே துவைக்கிறியாக்கும்."

"உனக்கு இதுவே ஜாஸ்தி. வாட்ச்மேன்னு பேரு, கிடங்கையே தூக்கிட்டுப் போனாலும் காலைலதான் எழுந்திரிப்ப."

லிவாய் சிரித்தார். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு சிரிப்புச் சத்தம். இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து, வெறும் பாயில் வைசேயாவின் இடமாகப் பார்த்துப் படுத்தது. அன்று லிவாய் நன்றாகத் தூங்கினார். எல்லோர் பங்கையும் ஒரே ஆள் குடித்தால் யாருக்குத்தான் தூக்கம் வராது. அதிலிருந்து தினமும் சபை கூடியது.

பக்கத்து வீட்டு வசீத்திக்கும் அவருக்கும் நடுவே ஒரு தகரச் சுவர்தான். சாத்திய கதவுக்குப் பின்னால் ஒரு பெயர், ஒரு கைதட்டல், வேறு வேறு குரலில் பேச்சு, அப்புறம் ஒரு சிரிப்பு. வசீத்தி இரண்டு நாள் காதை வைத்துக் கேட்டாள். மூன்றாம் நாள் காதைப் பொத்திக்கொண்டாள். அந்த வாரமே வெள்ளை உடுப்புக்காரர்கள் ஆம்புலன்ஸில் வந்து வைசேயாவை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஊரடங்கு ஆளுக்குத்தான், வாய்க்கு இல்லை. தகரச் சுவர் விட்டுத் தகரச் சுவராகச் செய்தி சந்தின் கோடிவரை போய்ச் சேர்ந்தது. நோய் ஊர் முழுக்கத்தான் பரவிக்கொண்டிருந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி மேல் கோபப்பட்டு என்ன பயன்? லிவாய் என்றால் கண்ணுக்கு நன்றாகவே தெரிகிற ஆள்.

ஒரு வழியாகக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். பஸ் ஓடியது. வைசேயா பிழைத்து, பாதி ஆளாக வீடு திரும்பினான். லிவாய் முதல் வேலையாக ஈரப்பலா மரத்தடியைப் பெருக்கி, பாயை உதறிப் போட்டு, ஆளுக்கொரு கொட்டாங்குச்சி தேய்த்து வைத்தார். யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வழியில் கண்ட எபராமாவைக் கேட்டார்.

"என்ன மூப்பரே, ஆளையே காணோம்?"

"முழங்கால் வலிப்பா. தரையில உக்காரவே முடியல." சொல்லிவிட்டு எபராமா ஏறக்குறைய ஓடினார். முழங்கால் வலிக்காரருக்கு அது நல்ல வேகம்.

பஸ்ஸில் அவருக்குப் பின்னால் இருந்த சீட்டு காலியாகவே ஓடியது. ஒரு நாள் வசீத்தி கூடையோடு ஏறினாள், டிரைவர் யார் என்று பார்த்தாள், கீழ்ப்படியிலேயே நின்றாள்.

"ஏறும்மா."

"இல்லண்ணே, அடுப்பை அணைக்காம வந்துட்டேன்."

"உன் வீட்ல புகை வந்தா எனக்குத் தெரியாதா? வரல. ஏறு."

"ஐயோ, அதுகூடத் தெரியுதா உங்களுக்கு," என்றாள் வசீத்தி, முகம் வெளுத்துப்போய். கூடையில் இருந்த கத்திரிக்காய் உருள உருள இறங்கிப் போனாள்.

அப்போதுதான் லிவாய்க்கு உறைத்தது. இருந்த சந்தேகத்தையும் சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்குகிற ஒருவன் வந்து தீர்த்துவைத்தான். வீட்டுப் பின்பக்கமாக வந்து, தாளில் சுற்றிய ஒரு கட்டு யங்கோனா வேரை நீட்டினான்.

"எங்க மேஸ்திரி பேரு எழுதித் தரட்டுமா, சொன்னா போதுமா?"

"எதுக்குய்யா?"

"கை காலெல்லாம் ஒண்ணும் பண்ண வேண்டாம். எங்களுக்கு ஞாயித்துக்கிழமை லீவு விடுற மாதிரி ஆளைக் கொஞ்சம் இளக்கிவிட்டா போதும்."

"நான் அப்படிப்பட்ட ஆள் இல்லய்யா."

"தெரியும். கேட்டா அப்படித்தான் சொல்வீங்கன்னு சொன்னாங்க." வேரைப் படியில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து போனான்.

லிவாய் படியில் உட்கார்ந்து யோசித்தார். சந்து நடுவில் போய் நின்று உள்ளதைச் சொல்லிவிட்டால் என்ன? என்னவென்று சொல்வது? ஐம்பது தாண்டிய ஆம்பளை, வெறும் பாயை விரித்து, இல்லாதவர்களை எல்லாம் கூப்பிட்டு, அவர்கள் குரலில் தானே பேசித் தானே சிரித்தேன் என்றா? தகரக் கூரை பறக்கிற மாதிரி சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அவர் செத்த பிறகும் சந்தில் உலவும். கிண்டல் செய்தே வாழ்ந்தவருக்குத் தெரியும், கிண்டல் எவ்வளவு நாள் தாங்கும் என்று. சூனியக்காரனைப் பார்த்தால் ஒதுங்கித்தான் போவார்கள். தனியாக இருந்து தவித்தவனைப் பார்த்தால் பாவப்படுவார்கள். லிவாய் வாயை மூடிக்கொண்டார். ஆக்லாந்தில் இருந்து லோசானா கூப்பிட்டாலும் மழையைப் பற்றித்தான் பேசினார்.

சனிக்கிழமை மத்தியானம் கெலேரா வந்தாள். வைசேயாவின் மனைவி. மச்சானின் மனைவி என்றால் தங்கச்சி முறை. அந்த ஊர் வழக்கப்படி தங்கச்சி முறை அண்ணன் முறையோடு நேருக்கு நேர் பேசக் கூடாது. பட்டணத்துப் பிள்ளைகள் இதையெல்லாம் காற்றில் விட்டுவிட்டார்கள். கெலேரா விடவில்லை. இத்தனை வருஷத்தில் லிவாய் அவள் பேசிக் கேட்டது எல்லாமே லோசானாவிடம் பேசியதுதான். இப்போது லோசானா இல்லை. கெலேரா மரத்தடியில் முகத்தைத் திருப்பி நின்று, அங்கே படுத்திருந்த நாயைப் பார்த்தாள்.

"இன்ஸ்பெக்டர், உங்க ஐயாகிட்ட ஒண்ணு சொல்லணும்."

இன்ஸ்பெக்டர் ஒரு காதை மட்டும் தூக்கியது.

"வீட்டுக்காரரு சாப்பிட மாட்டேங்குறாருன்னு சொல்லு. ஜன்னல் கூட திறக்க விடல. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாச்சு, போகப்போறவனுக்கு எதுக்குச் சோறு வீணாங்குறாரு. நோய் போயிடுச்சுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஆனா ஆள் நாளுக்கு நாள் கரையிறாரு."

லிவாய் எழுந்து நின்றார். அவரும் நாயைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது. "பாதிரியாரைக் கூப்பிட்டுப் பாத்தாங்களான்னு கேளு."

"வந்து ஜெபம் பண்ணாரு. ஜெபம் முடிஞ்சதும் வீட்டுக்காரரு, இதைவிட லிவாயோட மரத்தொட்டி பெரிசாச்சேன்னாரு." கெலேரா இடுப்பில் வைத்திருந்த துண்டைப் பிரித்தாள். உள்ளே கயிறு கட்டிய திமிங்கிலப் பல், பழுத்த மஞ்சள் நிறத்தில். ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டு வருகிறபோது கொண்டுவருகிற பொருள். ஆம்பளைகள் நாலு பேர் வரிசையாக வந்து மண்டியிட்டு வைப்பார்கள். "கூட யாரும் வர மாட்டேன்னுட்டாங்க. முறையாச் சொல்லவும் எனக்குத் தெரியாது. அவரு என்ன தப்புப் பண்ணியிருந்தாலும் மன்னிச்சு விட்டுடச் சொல்லு, இன்ஸ்பெக்டர்."

பல்லை நாயின் முன்னால் தரையில் வைத்தாள். இன்ஸ்பெக்டர் அதை மோந்து பார்த்தது. மற்ற நேரமாக இருந்தால் லிவாய் இதை வைத்து ஒரு வருஷம் சிரித்திருப்பார். இப்போது குனிந்து பல்லை எடுத்துத் துண்டிலேயே சுற்றி, கெலேராவின் காலடிக்குக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"இதை எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு," என்றார் நாயிடம். "நான் வரேன்."

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. லிவாய் சந்தில் இறங்கி நடந்தார். வீட்டுக்கு வீடு ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பித் திறந்தன. உள்ளே கண்கள். வைசேயா வீட்டு ஜன்னல் மட்டும் இறுக்கமாக மூடியிருந்தது. அதற்குக் கீழே போய் நின்றார்.

"மச்சான்."

ஜன்னல் பட்டையில் தட்டினார்.

"மச்சான். செத்துட்டியா?"

"இல்ல," என்றது உள்ளே இருந்து ஒரு குரல். கீச்சுக் குரல்தான், ஆனால் பாதிதான் வந்தது. "நீதான் தேதி சொல்லணும்."

"லூசுப்பயலே. எனக்குச் சூனியம் தெரிஞ்சிருந்தா உங்கக்காவைக் கட்டியிருப்பேனா?"

பழைய நாளாக இருந்தால் இதற்கு எட்டுப் பதில் வந்திருக்கும். லிவாய் சட்டென்று பயந்துபோனார்.

"என் பேரைச் சொன்னியா, இல்லையா?" என்றான் வைசேயா. "அதைச் சொல்லு. வசீத்தி கேட்டிருக்கா."

"சொன்னேன்."

பக்கத்து வீட்டில் யாரோ மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. லிவாய் குரலைத் தாழ்த்தப் பார்த்தார். தாழவில்லை. இருபது வருஷம் பஸ்ஸில் கத்திய குரல்.

"உன் பேரை மட்டும் இல்ல. எல்லார் பேரையும் சொன்னேன். பாயை விரிச்சு எல்லாரையும் கூப்பிட்டேன். எல்லாருக்கும் ஊத்தி, நானே தட்டி, நானே குடிச்சேன். உங்க குரல்லயே பேசினேன். தினமும்."

"எதுக்கு?"

தூறல் லிவாயின் மூக்கு நுனியில் சொட்டியது.

"வீட்ல சத்தமே இல்ல, வைசேயா."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

"போன் இருக்குல்ல. போட வேண்டியதுதான."

"போட்டு என்னன்னு சொல்றது?"

கட்டில் கிறீச்சிட்டது. குரல் இப்போது ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

"ஆஸ்பத்திரியில எல்லாரும் மூஞ்சியை மூடிக்கிட்டுத்தான் வருவாங்க. கட்டில் நம்பர்தான் கூப்பிடுவாங்க. இந்தப் பக்கம் படுத்திருந்தவன் போனான். அந்தப் பக்கம் இருந்தவனும் போனான். ரெண்டு பேரு பேரும் எனக்குத் தெரியாது மச்சான். கேக்கணும்னு நெனச்சேன், கேக்கல."

லிவாய் சுவரில் கையை வைத்தார்.

"எத்தனாவது ஆளா எனக்கு ஊத்தின?"

"மூணாவது."

"எபராமா முதல்லயா?"

"மூப்பராச்சே."

"இல்லாத ஆளுக்குக்கூட வரிசை பாத்து ஊத்தியிருக்க." ஒரு இருமல் வந்தது. இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை. "நீ சூனியக்காரனாவே இருந்திருக்கலாம் மச்சான். அதுன்னா பாதிரியாரைக் கூப்பிடலாம். இதுக்கு யாரைக் கூப்பிடுறது?"

ஜன்னல்களுக்குப் பின்னால் ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம் போல இருந்தது. எபராமா வீட்டு ஜன்னல் பட்டைகள் மெதுவாக மூடிக்கொண்டன. இன்னொரு வீட்டிலும் மூடிக்கொண்டன. அவரவர் வீட்டில் அந்த மாதங்களில் என்னென்ன நடந்ததோ, யார் யார் கெட்டிலோடு பேசினார்களோ, அதை யாரும் வெளியே வந்து சொல்லப் போவதில்லை.

வீட்டு வாசலில் துண்டோடு வந்து நின்ற கெலேராவுக்குக் கேட்கிற மாதிரி வைசேயா உள்ளே இருந்து கேட்டான். "மரவள்ளி இருக்கா?"

அவள் உள்ளே ஓடினாள். பாத்திரம் உருளுகிற சத்தம், டின் மீனைத் திறக்கிற சத்தம்.

"உள்ள வான்னு சொல்ல மாட்டேன் மச்சான்," என்றான் வைசேயா. "கோவம் இல்ல. பக்கத்துல ஆள் உக்காந்தா மூச்சு முட்டுது. கெலேராவையே தள்ளித்தான் படுக்கச் சொல்றேன். பாய்க்கெல்லாம் வருவேனான்னு தெரியல."

"வராட்டிப் போ. உன் பங்கு மிச்சம்."

"ஆனா போயிடாத. திங்கிற வரைக்கும் அங்கயே நில்லு."

லிவாய் நின்றார். தூறல் மழையானது. சட்டை முதுகோடு ஒட்டியது. மூடிய ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது, மெதுவாக, பல் இல்லாதவன் மெல்லுவது போல. நடுவில் சத்தம் நின்றுபோகும். அப்போதெல்லாம் லிவாய் சுவரில் காதை வைத்துக் காத்திருப்பார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தொடங்கும்.